காற்று மாறிய கோடைகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோ நகரிலிருந்து வடக்கு நோக்கி இரண்டு மணி நேரம் வண்டியில் சென்றால், வயல்களும் சுண்ணாம்புப் பாறைகளும் பின்தங்கி, கனடியக் கேடயம் என்று நிலவியலாளர் அழைக்கும் மிகப் பழைய கருங்கல் நிலம் தொடங்குகிறது. பனிப்பாளங்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கியபோது இந்நிலத்தைச் சுரண்டிக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் நீர் தேங்கியதால், வரைபடத்தில் நிலம் எது நீர் எது என்று பிரித்தறியக் கண் தடுமாறும் அளவுக்கு இங்கு ஏரிகள் நிறைந்துள்ளன. 1893இல் நிறுவப்பட்ட அல்கொன்குவின் மாகாணப் பூங்காவின் மிகப் பெரிய ஏரியான ஒபியோங்கோ அவற்றுள் ஒன்று. வெள்ளைப் பைன் மரங்கள் சூழ்ந்த இந்த ஏரி, அகன்று கிடப்பதால் காற்றுக்கு முழுவதுமாகத் திறந்திருப்பது. காலையில் கண்ணாடியாகக் கிடந்து, நண்பகலில் சிறு படகுகளைக் கரையேற்றிவிடும் குணமுடையது.

இந்த ஏரிகளில் கோடைக்காலத் தூண்டில்காரர்கள் தேடிச் செல்லும் மீன் சிறுவாய்ப் பாஸ் எனப்படும். பாஸ் என்ற பெயர் கடல்மீன் இனங்கள் சிலவற்றுக்கும் வழங்கினாலும், இது அவற்றின் உறவு அன்று. சன்ஃபிஷ் என்னும் நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் 1802இல் இதற்கு மைக்ரோப்டெரஸ் டோலோமியூ என்று பெயரிட்டார். மைக்ரோப்டெரஸ் என்றால் சிறுதுடுப்பு உடையது என்று பொருள். அவர் கைக்குக் கிடைத்த மீனின் முதுகுத்துடுப்பு சிதைந்திருந்ததால், அதன் பின்துண்டைத் தனியான ஒரு சிறு துடுப்பென்று அவர் கொண்டார். அறிவியல் முறைப்படி முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பதால், ஒரு மீனுக்கு நேர்ந்த காயம் அந்த இனம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. வெண்கல நிறம், விலாவில் கருமையான செங்குத்துப் பட்டைகள், சிவந்த கண் ஆகியவை இதன் அடையாளங்கள். வாயின் பின்முனை கண்ணைத் தாண்டாது. தாண்டினால் அது பெருவாய்ப் பாஸ் என்னும் மற்றோரினம். பாறைச் சரிவுகளும் உருண்டைக் கற்களும் நிறைந்த தெளிந்த நீரையே சிறுவாய்ப் பாஸ் விரும்புகிறது. அங்கு இதன் முதன்மை உணவு, கற்களின் இடுக்கில் வாழும் கிரேஃபிஷ் என்னும் சிறிய நன்னீர்ச் சிங்கி இறால்.

இக்கட்டுரையாளர் 1990 முதல் 2001 வரை, ஆண்டுதோறும் ஜூன் இறுதிக்கும் செப்டம்பர் முதல் வாரத்துக்கும் இடையே கிடைத்த விடுமுறை நாட்களை ஒபியோங்கோவிலும் அதன் அண்டை ஏரிகளிலும் கழித்தவர். அந்தப் பயணங்கள் ஒவ்வொன்றிலும் நாள், வானம், காற்றின் திசை, காற்றின் வெப்பம், நூலில் கட்டி இறக்கிய வெப்பமானி காட்டிய நீரின் வெப்பம், பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு மீனின் நீளம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். எந்த வானிலையில் மீன் கடிக்கும் என்னும் கேள்விக்கு விடை காண்பதே அக்குறிப்பேட்டின் நோக்கமாக இருந்தது. அந்தக் கேள்வியே குறுகியது என்பதை அதே குறிப்பேடு பின்னாளில் காட்டிக்கொடுக்கும் என்று தொடக்கத்தில் அவர் எதிர்பார்க்கவில்லை.

1991 முதல் பல கோடைகளில் படகின் முன்பக்கத்தில் அமர்ந்திருந்தவர், கட்டுரையாளருக்கு மாமன் முறையான ஒரு முதியவர். யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையில் கடற்றொழில் செய்து வளர்ந்து, போர்க்காலத்தில் பிள்ளைகளோடு டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தவர். ஏரி என்பது அவருக்குக் கடலின் ஒரு சிறு துண்டாகத்தான் தோன்றியது. உப்பில்லாத நீரில் உள்ள மீனுக்கு என்ன ருசி இருக்கும் என்ற ஐயம் கடைசிவரை அவரை விட்டு அகலவில்லை. ஆனால் காற்றை அறியும் அறிவு அவருடன் கப்பலேறி வந்திருந்தது. தெற்கிலிருந்து வீசுவதைச் சோழகம், வடக்கிலிருந்து வீசுவதை வாடை, கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்று யாழ்ப்பாணக் கரையில் வழங்கும் பெயர்களையே ஒபியோங்கோவின் காற்றுகளுக்கும் அவர் இட்டார். ஆதலால் அந்தக் குறிப்பேட்டின் காற்றுத்திசைப் பத்தியில் முதல் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயர்களே காணப்படுகின்றன.

வட ஏரிகளின் கோடை வானிலை நிலையற்றதாவதற்குக் காரணம், குளிர் முகப்பு எனப்படும் நிகழ்வு அடுத்தடுத்து வருவதாகும். தெற்கிலிருந்து வந்து தங்கியிருக்கும் வெம்மையும் ஈரமும் மிகுந்த காற்றை, வடமேற்கிலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்றுத்திரள் அடியிலிருந்து நெம்பித் தூக்கிக்கொண்டு முன்னேறும் எல்லைக்கோட்டையே குளிர் முகப்பு என்பர். அது நெருங்கும்போது காற்றழுத்தமானி இறங்குகிறது, தென்மேற்குக் காற்று வலுக்கிறது, புழுக்கம் கூடுகிறது. கடந்து செல்லும்போது இடியும் மழையும் கொட்டுகின்றன. கடந்தபின் காற்று வடமேற்குக்குத் திரும்பி, அழுத்தம் ஏறி, துடைத்துவைத்தாற்போன்ற நீலவானம் தோன்றுகிறது. ஜூலை மாத நடுவிலும்கூட, பகலில் 30 பாகை செல்சியஸ் காட்டிய வெப்பமானி மறுநாள் விடியலில் 10 பாகை காட்டுவது அங்கு அரிதன்று.

முகப்பு வந்து சேர்வதற்கு முந்திய சில மணி நேரங்களில் பாஸ் வெறிகொண்டு இரையெடுக்கும் என்பது தூண்டில்காரர் அனைவரும் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி. கட்டுரையாளரின் குறிப்புகளும் அதை மறுக்கவில்லை. 1993 ஜூலையில் ஒரு பிற்பகல், மேற்கு வானம் ஈயநிறம் கொண்டு, சோழகம் விட்டுவிட்டு வீசி, ஏரியின் முகம் சிறு அலைகளால் முழுவதும் கலைந்திருந்தபோது, ஒரு பாறைத்திட்டின் ஓரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் 11 மீன்கள் அகப்பட்டன. அவை கவ்வியது, கிரேஃபிஷ் போலத் தோன்றும்படி ஈயத்தலை கோத்து அடித்தளத்தில் இழுக்கப்படும் குழல்வடிவ ரப்பர் இரையை. பன்னிரண்டாவது மீனுக்காகத் தூண்டிலை மீண்டும் வீசக் கை ஓங்கியபோது, முதியவர் தம் தங்கூசி நரம்பைச் சுருட்டி முடித்திருந்தார். "காத்து நிண்டிட்டுது தம்பி, இனிக் கரைக்குப் போவம்," என்றார். காற்று உண்மையாகவே நின்றிருந்தது. அடுத்த காற்று எங்கிருந்து வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மீன் கடித்துக்கொண்டிருக்கும் இடத்தை விட்டு எழ மனமில்லாத இளமை, சில நிமிடங்கள் வாதாடியது. கரையேறிப் படகைக் கவிழ்த்துவைத்த சற்று நேரத்தில் வடமேற்கிலிருந்து வந்த காற்று ஏரியை வெள்ளையாக்கியது. எதிர்க்கரைப் பைன் ஒன்றின்மீது இடி விழுந்தது.

ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ மூன்று விநாடிகள் எடுக்கும். ஆகவே மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி எண்ண முடிந்தால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பதும், அந்த இடைவெளி 30 விநாடி அளவுக்குச் சுருங்கும்போதே நீரை விட்டு நீங்கிவிட வேண்டும் என்பதும், கடைசி இடிக்குப் பின்னரும் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதும் பரவலாகக் கற்பிக்கப்பட்டு வந்தவை. இக்காலத் தூண்டில்கோல்கள் பல கிராஃபைட் என்னும் கரிமப் பொருளால் ஆனவை. அப்பொருள் மின்சாரத்தைக் கடத்துவதாகையால், திறந்த ஏரியின் நடுவே அதை உயர்த்திப் பிடித்திருப்பது இடிதாங்கியைக் கையில் பிடித்திருப்பதற்கு ஒப்பாகும். முதியவருக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. ஆனால் அன்று கரைக்குத் திரும்பியது அவர் சொல்லால்தான்.

மறுநாள் நிலை முற்றிலும் வேறாக இருந்தது. வானம் நீலமாகவும், காற்று குளிர்ச்சியாகவும், ஏரி காண்பதற்கு மிக அழகாகவும் இருந்தபோதிலும், முந்திய நாள் 11 மீன் தந்த அதே பாறைத்திட்டு ஒரு மீனும் தரவில்லை. முகப்பு கடந்தபின் வரும் இந்த மந்தத்துக்கு ஏறும் காற்றழுத்தமே காரணம், அது மீனின் உடலை அழுத்திச் சோர்வூட்டுகிறது என்பது பரவலான நம்பிக்கை. கட்டுரையாளரும் பல ஆண்டுகள் அதை நம்பினார். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அந்நம்பிக்கை நிற்பது கடினம். காற்றழுத்தத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கல் ஒன்று, ஒரு சென்டிமீட்டர் ஆழ நீரின் அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம். வலுவான முகப்பொன்று அழுத்தத்தை 20 ஹெக்டோபாஸ்கல் உயர்த்தினாலும், மீன் உணரக்கூடிய வேறுபாடு, அது ஒரு சாண் ஆழம் கீழே இறங்கினால் உணர்வது எவ்வளவோ அவ்வளவே. ஒரு கிரேஃபிஷைத் துரத்தும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு வேறுபாட்டை அம்மீன் தாங்குகிறது. எனவே காரணத்தை ஒளியிலும் காற்றின் திசையிலும் நீரின் வெப்பத்திலும் தேடுவதே பொருத்தமாகும். மேகம் விலகிய வானின் கூரிய ஒளி தெளிந்த நீரில் ஆழமாக இறங்கும்போது, பதுங்கி இரைதேடும் மீனுக்கு மறைவு இல்லாமற்போகிறது. அது பாறை நிழலுக்குள்ளோ ஆழத்துக்கோ ஒதுங்கிக்கொள்கிறது.

காற்றின் திசை செய்யும் வேலை இதைவிட நுட்பமானது. அதைப் புரிந்துகொள்ள ஏரி கோடையில் அடுக்கடுக்காகப் பிரிந்திருப்பதை அறிய வேண்டும். நீர் 4 பாகையில் மிகுந்த அடர்த்தி உடையது. வெப்பம் ஏற ஏற இலேசாகிறது. கோடை வெயில் மேல்நீரைச் சூடாக்கும்போது அந்த இலேசான நீர், கீழே உள்ள குளிர்ந்த நீரோடு கலவாமல் அதன்மேல் மிதக்கிறது. இரண்டுக்கும் இடையே, சில மீட்டருக்குள் வெப்பம் விரைந்து குறையும் மெல்லிய பகுதி வெப்பச்சரிவு அடுக்கு எனப்படும்; விஸ்கான்சின் மாநில ஏரிகளை ஆராய்ந்த எட்வர்ட் பர்ஜ் 1897இல் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். வடமேற்குக் காற்று ஒரு நாள் முழுவதும் வலுவாக வீசினால், சூடான மேல்நீரைத் தென்கிழக்குக் கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கிறது. அதை ஈடுசெய்ய வடமேற்குக் கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. மலைக்கு மறைவாக, அலையின்றி, படகுக்கு இதமாகத் தோன்றும் கரையில்தான் நீர் சில்லிட்டிருக்கும்.

கட்டுரையாளர் முகப்புக்கு மறுநாட்களில் நாடியது அந்த இதமான கரையைத்தான். அலை அடிக்கும் எதிர்க்கரைக்குப் போக வேண்டும் என்று முதியவர் ஒவ்வொரு முறையும் சொன்னதும், அது கடல் பழக்கம், ஏரிக்குப் பொருந்தாது என்று கட்டுரையாளர் மறுத்ததும் இரண்டு கோடைகள் நீடித்தன. மூன்றாவது கோடையில் ஒரு நாள், வேறு வழியின்றி அவர் சொல் கேட்டு, காற்று தணிந்த மாலையில் தென்கிழக்குக் கரைக்குச் சென்றபோது, அங்கே நீர் 21 பாகை இருந்தது. காலையில் வடமேற்குக் கரையில் அதே வெப்பமானி 16 காட்டியிருந்தது. முதியவர் வெப்பமானியைப் பார்க்கவே இல்லை. "வாடைக்கச்சான் தள்ளின தண்ணி இஞ்சைதானே வந்து நிக்கும்," என்று சொல்லி மண்புழு கோத்த தூண்டிலை இறக்கினார். இரவுக் கறிக்கு வேண்டிய 4 மீன்கள் அரை மணி நேரத்தில் கிடைத்தன. பிடித்த மீனை அளந்து மீண்டும் நீரில் விடும் வழக்கத்தை அவர் ஒருநாளும் ஏற்கவில்லை. உண்ணாத உயிரை முள்ளால் குத்தி விளையாடக் கூடாது என்பது அவர் கொள்கை. அது மதிக்கத்தக்க கொள்கை என்றே கட்டுரையாளர் இன்றும் கருதுகிறார்.

வானம் மணிக்கணக்கில் மாறுகிறது, ஏரி நாள்கணக்கில் மாறுகிறது, மீன் கேட்பது ஏரியின் சொல்லைத்தான் என்பது வரையில் குறிப்பேடு கற்பித்துவிட்டது. ஆனால் மீன்களின் நீளத்தை எழுதிய பத்தி வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1997, 1998ஆம் ஆண்டுகளின் பக்கங்களில் சிறிய மீன்களும் பெரிய மீன்களும் உள்ளன. முப்பது சென்டிமீட்டரை ஒட்டிய இடைப்பட்ட அளவு மீன்கள் மட்டும் ஏறக்குறைய இல்லை. தாம் தூண்டிலிட்ட முறையில் ஏதோ பிழை என்று எண்ணிய கட்டுரையாளர், குளிர்ந்த வட ஏரிகளில் ஒரு சிறுவாய்ப் பாஸ் அந்த நீளத்தை அடைய ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்பதை அறிந்தபின், ஐந்து ஆண்டுப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்.

அங்கே 1992 இருந்தது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாடுபோ எரிமலை வெடித்து, வானின் மேலடுக்கில் கந்தகத் துகள்களைப் பரப்பி, உலகின் வெப்பத்தை ஏறத்தாழ அரைப் பாகை தணித்தது. அதற்கு அடுத்த கோடை ஒன்டாரியோவில் கோடையாகவே அமையவில்லை. அந்த ஜூலைப் பக்கங்களில் "கம்பளிச் சட்டை", "மழை", "நீர் 17 பாகை" என்ற குறிப்புகளே திரும்பத் திரும்ப வருகின்றன. கடலுக்கு அப்பால் பூமியின் மறுபக்கத்தில் வெடித்த மலைக்கும், ஒபியோங்கோவின் ஒரு பாறைத்திட்டில் காணாமற்போன மீன்களுக்கும் இடையே உள்ள தொடர்பை அறிவியல் தெளிவாகவே விளக்குகிறது.

வசந்தத்தில் கரையோர நீர் 15 அல்லது 16 பாகையை எட்டும்போது, ஆண் பாஸ் ஒரு பாறையின் அல்லது விழுந்த மரத்தின் அருகே சரளைத் தரையை வாலால் துடைத்து வட்டமான கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டுச் சென்றுவிட, முட்டைகள் பொரிந்து கருநிறக் குஞ்சுகள் மேலெழுந்து தாமே திரியும் வரை, பல வாரங்கள் ஆண் மீனே தனித்துக் காவல் நிற்கிறது. அக்காலத்தில் அது இரை தேடிச் செல்வதில்லை, நெருங்கும் எதையும் கடித்துத் துரத்துகிறது. குளிர் திடீரென்று திரும்பினால் ஆண் மீன் கூட்டைக் கைவிடுவதும் உண்டு, பெருங்காற்று கிளப்பும் அலை கூட்டைச் சிதைப்பதும் உண்டு. தப்பிய குஞ்சுகளுக்கும் ஒரு கெடு இருக்கிறது. நீர் ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே குளிர்ந்தபின் இளம் பாஸ் பெரும்பாலும் உண்பதில்லை. பனிக்கட்டி மூடிய குளிர்காலம் முழுவதையும் உடலில் சேர்த்த கொழுப்பைக்கொண்டே கடக்கிறது. குளிர்ந்த கோடையில் தாமதமாகப் பிறந்து சிறிதாகவே நின்றுவிட்ட குஞ்சுக்கு அந்தச் சேமிப்பு போதாது. அது இளவேனிலைக் காண்பதில்லை. ஒன்டாரியோ ஏரியின் கிழக்குப் பகுதியில் ஜான் காசல்மன் நெடுங்காலம் நடத்திய ஆய்வுகள், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வெப்பத்துக்கும் அவ்வாண்டில் பிறந்து தங்கும் பாஸ் தலைமுறையின் பருமனுக்கும் இடையே உள்ள நேர்த்தொடர்பை நிறுவியுள்ளன. ஒபியோங்கோ ஏரியிலேயே 1936இல் அமைந்த ஹார்க்னஸ் ஆய்வுக்கூடமும் இந்த மீனின் வாழ்வைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்துள்ளது.

இதனால், கோடையின் மாறும் வானிலை இன்றைய மீனுக்குச் செய்வதைவிட, ஐந்து ஆண்டு கழித்து வரவேண்டிய மீனுக்குச் செய்வது பெரிது என்று கட்டுரையாளர் முடிவுக்கு வந்தார். அந்த அறிவு பழைய நிகழ்ச்சி ஒன்றைத் தாங்க முடியாததாக்கியது. 1992இல் பாஸ் பருவம் திறந்த முதல் வாரம், கைதொடும் ஆழத்தில், வெளிறிய ஒரு வட்டத்தின்மேல் நகராமல் நின்ற மீனைக் கட்டுரையாளர் பிடித்தார். நீளம் 43 சென்டிமீட்டர். அதுவரை பிடித்தவற்றுள் பெரியது. படம் எடுத்து, மூன்று நான்கு நிமிடத்தில் மீனை நீரில் விட்டபோது, அந்த வட்டத்தில் சன்ஃபிஷ்களும் பெர்ச் மீன்களும் மொய்த்துக்கொண்டிருந்தன. முதியவர் குனிந்து பார்த்துவிட்டு, "அது வீட்டைக் காத்துக்கொண்டு நிண்டது," என்று மட்டும் சொன்னார். தாம் செய்தது என்ன என்பதைக் கட்டுரையாளர் உணர ஐந்து ஆண்டுகள் ஆயின.

ஒன்றை இங்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒபியோங்கோவில் பாஸ் இயற்கையாக இருந்த மீன் அன்று; பூங்காவின் ஏரிகளுக்கு அது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மனிதரால் கொண்டுவரப்பட்டது. சிறிய ஏரிகள் சிலவற்றில், அங்கு ஆதியிலிருந்து வாழும் ஓடை டிரவுட் என்னும் மீனுக்கு அது இழப்பையே தந்திருக்கிறது. கோடைகள் வெப்பமடைய வெப்பமடைய பாஸ் வடக்கே பரவும் என்பதும் எதிர்பார்க்கப்படுவதே. எனவே பாஸ் எங்கும் பெருக வேண்டும் என்று யாரும் விரும்ப வேண்டியதில்லை. ஓர் ஏரியிலிருந்து உயிருள்ள மீனை எடுத்து மற்றோர் ஏரியில் விடுவது சட்டப்படியும் குற்றம். ஆயினும் ஜார்ஜியன் விரிகுடா முதல் செயின்ட் லாரன்ஸ் ஆறு வரை அம்மீனின் சொந்த நீர்நிலைகளில் அதன் கூட்டைக் குலைப்பதற்கு இது நியாயமாகாது.

இன்று டொராண்டோவிலிருந்தும் அதன் சுற்று நகரங்களிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கோடை வார இறுதிகளில் இந்த ஏரிகளுக்குச் செல்கின்றன. பிள்ளைகளின் முதல் தூண்டில் பெரும்பாலும் கரையோர ஆழமற்ற நீரில்தான் விழுகிறது. பருவம் திறக்கும் நாளை நாட்காட்டி சொல்லும், கூடு காலியாகிவிட்டதா என்பதை அது சொல்லாது. இளவேனில் குளிர்ந்து பிந்திய ஆண்டுகளில், திறப்பு நாளுக்குப் பின்னரும் ஆண் மீன்கள் காவலில் நிற்கும். கரையோரத்தில் வெளிறிய வட்டமொன்றின்மேல் நகராமல் நிற்கும் மீனைக் கண்டால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஆழத்துக்குப் படகைத் திருப்புங்கள். பிள்ளைகளுக்கு அந்த மீனைச் சற்றுத் தள்ளி நின்று காட்டுங்கள்.